செட்டிநாட்டிலிருந்து உலகக் குழந்தைநல அமைப்புகளை அணுகும் வழி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்து விளையாட்டுக் கூடம் தொடங்கியவர்கள், பள்ளத்தூரில் கர்ப்பிணிகளுக்கு வாரக் கூட்டம் நடத்துகிறவர்கள், சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று அறக்கட்டளை பதிவு செய்தவர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். யுனிசெஃப் தலைமையகத்துக்கு நிதி கேட்டு ஒரு மின்னஞ்சல் போகும், பதில் வராது. அதையே இன்னும் நாற்பது முகவரிக்கு அனுப்புவார்கள், அதற்கும் வராது. ‘பெரிய இடம், நம்மை எங்கே பார்க்கப் போகிறார்கள்’ என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

உலக அமைப்புகளிடமிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கும்: படிப்பு, தோழமை, பணம். பயிற்சிக் கையேடு, பாட அட்டை போன்ற படிப்பு இன்றைக்கே இலவசமாகக் கிடைக்கும். தோழமைக்குச் சில மாதம் பிடிக்கும். பணத்துக்குச் சட்டப்படியே சில வருடம் ஆகும். புதியவர்கள் கடைசிப் படியில் முதல் காலை வைப்பதால்தான் வழுக்குகிறது. கீழேயுள்ள வரிசை அந்தப் படிகளின் வரிசைதான்.

முதலில் ஒரு தாள்

யாருக்கும் எழுதுவதற்கு முன், உங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரே ஒரு தாள் எழுதுங்கள். வயதை மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுங்கள்: பிறந்தது முதல் 6 மாதம், 6 மாதம் முதல் 3 வயது, 3 முதல் 6 வயது. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர், அவர்களைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று குறியுங்கள். இந்த இரண்டாவது கேள்வி நம் பக்கம் மிக முக்கியம். அப்பாவும் அம்மாவும் திருப்பூரிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பிள்ளை ஆயாவிடமோ (அம்மாவைப் பெற்றவர்) அப்பத்தாவிடமோ வளரும் வீடுகள் இங்கே ஏராளம். பெற்றோருக்கென்று எழுதிய பயிற்சியை அப்படியே கொண்டுவந்தால் அது பாட்டிமார் கையில் நிற்காது. உங்கள் தேவை வேறு என்பதை முதல் வரியிலேயே சொல்ல முடிந்தால், எதிரே படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

‘குழந்தைகள் நலனுக்கு உதவி தேவை’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 18 பேர். அவர்களில் 7 பேர் பாட்டியிடம் வளர்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் பாட்டிமாரைக் கூட்டி, விளையாட்டு வழியே பேச்சு வளர்க்கப் பழக்க நினைக்கிறோம். அதற்கான பாடத்திட்டம் வேண்டும்.’ எண்ணிக்கை உங்களுடையதாக இருக்கட்டும். எழுதும் முறை இப்படி இருக்கட்டும்.

உள்ளூரைத் தாண்டிப் போகாதீர்கள்

வெளிநாட்டு அமைப்பு எதுவாக இருந்தாலும் கேட்கும் முதல் கேள்வி, ‘அரசுத் திட்டத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு?’ என்பதுதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 முதல் நடக்கிறது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்துக் கல்வி என அங்கன்வாடி தரவேண்டிய சேவைகள் ஆறு. அந்த ஆறில் உங்கள் ஊரில் எது நன்றாக நடக்கிறது, எங்கே இடைவெளி என்று தெரிந்துகொண்டு அந்த இடைவெளியில் வேலை செய்யுங்கள். அங்கன்வாடிப் பணியாளரைப் பாருங்கள். பிறகு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பார்த்து, எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைத் தாள் பின்னால் பல இடத்தில் கைகொடுக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை. செட்டிநாடு பேச்சில் ஒரே நாடு. அரசுக் கணக்கில் இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை. பொன்னமராவதி, ராயவரம் பக்கம் புதுக்கோட்டை. அலுவலகம் காரைக்குடியில், பிள்ளைகள் புதுக்கோட்டை எல்லைக்குள் என்றால் கடிதம் புதுக்கோட்டைக்குத்தான் போகவேண்டும். மாற்றிக் கொடுத்தால் தாள் மேசை மேசையாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

பேச்சோ நடையோ தாமதமாகும் பிள்ளைகள் இருந்தால், மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனை இலவசம். அதற்கு மேலும் வழிகாட்டல் வேண்டுமென்றால் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்துக்கு எழுதலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆரம்பநிலைப் பயிற்சி கொடுப்பதில் அவர்கள் அனுபவம் பெரிது. வெளிநாட்டு அமைப்புகளோடு இணைந்து வேலை செய்வது எப்படி என்பதையும் அங்கே நேரில் பார்த்துக் கற்கலாம். ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன் ஆய்க்குடிக்கு ஒரு பஸ் ஏறுவது நல்லது.

பிள்ளைகள் இரவில் தங்கும் இடமாக உங்கள் கூடம் இருந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். இது இல்லாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள்.

எவரிடம் என்ன கிடைக்கும்

உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக வங்கி மூன்றும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட பேணி வளர்த்தல் சட்டகத்திலிருந்து (‘நர்ச்சரிங் கேர் ஃப்ரேம்வொர்க்’) தொடங்குங்கள். நல்ல உடல்நலம், போதிய ஊட்டம், பிள்ளையின் குறிப்பறிந்து பேணுதல், பாதுகாப்பு, இளவயதுக் கற்றல் என்று ஐந்து கூறுகள். உலகெங்கும் இந்தத் துறையில் பேசுகிறவர்கள் இந்த ஐந்தை வைத்தே பேசுகிறார்கள். உங்கள் வேலை இந்த ஐந்தில் எது எதில் விழுகிறது என்று சொல்லத் தெரிந்தால் பாதி அறிமுகம் முடிந்தது.

கையில் எடுத்து வேலை செய்ய, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2012இல் வெளியிட்ட ‘கேர் ஃபார் சைல்ட் டெவலப்மென்ட்’ தொகுப்பு உண்டு. அதன் ஆலோசனை அட்டைகள் பிறந்த முதல் வாரம், 6 மாதம் வரை, 6–9 மாதம், 9–12 மாதம், 1–2 வயது, 2 வயதுக்கு மேல் என்று பிரிந்திருக்கும். ஒவ்வொரு வயதிலும் பிள்ளையோடு என்ன விளையாடலாம், எப்படிப் பேசலாம் என்று இரண்டே குறிப்பு. வீட்டில் இருக்கும் கிண்ணமும் கரண்டியுமே சாமான். பாட்டிமார் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கையேடு கிடைப்பது அரிது.

மொழிபெயர்க்கும்போது உரிமைக் குறிப்பைப் படியுங்கள். 2018 சட்டகம், வணிக நோக்கமில்லாமல் மொழிபெயர்த்துப் பகிர அனுமதிக்கும் உரிமத்தில் வந்தது. ‘இந்த மொழிபெயர்ப்பு உலக சுகாதார நிறுவனம் செய்ததல்ல’ என்று அச்சிட வேண்டும், அவர்கள் சின்னத்தைப் போடக் கூடாது. பழைய வெளியீடுகளுக்கு முன் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். தமிழாக்கம் செய்ய அனுமதி கேட்டு எழுதும் கடிதம் ஒரு நல்ல முதல் கடிதம் என்பதையும் கவனியுங்கள். கேட்பது சிறியது, கொடுப்பது உழைப்பு.

தோழமைக்கு: சிங்கப்பூரை இருப்பிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் இளங்குழந்தைப் பருவ வலையமைப்பு ஆர்நெக், 1948 முதல் இருக்கும் உலக மழலைக் கல்வி அமைப்பு ஓமெப், தாய்ப்பாலுக்கென்றால், நகரத்தார் கோயிலால் செட்டிநாட்டாருக்குப் பழகிய அதே பினாங்கிலிருந்து இயங்கும், 1991இல் தொடங்கிய உலகத் தாய்ப்பால் கூட்டணி வாபா. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை நடக்கும் உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒருங்கிணைப்பது வாபாதான். ஆண்டுக்கொரு கருப்பொருள் அறிவித்து, அதற்கான கையேட்டையும் வெளியிடுவார்கள். ஜூலையில் அதை எடுத்துத் தமிழில் ஒரு கூட்டம் நடத்தி, ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு பக்க அறிக்கை அனுப்பினால் அதுவே உங்கள் முதல் உலகத் தொடர்பு. இந்தக் கூட்டத்துக்குப் பால்பொடி கம்பெனி எதுவும் செலவு ஏற்க முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தாய்மாருக்குப் பால்பொடியையோ புட்டியையோ மாதிரியாகக் கொடுப்பது குற்றம். அப்படி ஒரு கம்பெனியின் பெயர் உங்கள் பதாகையில் இருந்தால் தாய்ப்பால் அமைப்புகள் உங்களோடு சேரமாட்டார்கள்.

யுனிசெஃப்பை அணுக நியூயார்க் வேண்டாம். தமிழ்நாடு, கேரளத்துக்கான அவர்கள் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கூட்டாளியாக வேண்டுமென்றால் ஐ.நா. பங்காளர் தளத்தில் கட்டணமில்லாமல் பதிந்து, அங்கே வரும் அழைப்புகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘உங்களுக்கு நிதி ஒதுக்கியாயிற்று, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று யுனிசெஃப் பெயரில் கடிதம் வந்தால் அது மோசடி. மானியம் தர எந்த ஐ.நா. அமைப்பும் கட்டணம் கேட்காது.

கடிதம்

ஆங்கிலத்தில் 200 சொல்லுக்குள் முடியுங்கள். முதலில் தமிழில் எழுதி, ‘இதை ஒரே மூச்சில் வாசித்தால் புரிகிறதா’ என்று வேலையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கேட்டுவிட்டு மொழிமாற்றுங்கள். வரிசை இது: நீங்கள் யார், எங்கே (இரண்டு வரி), தாளில் எழுதிய எண்ணிக்கை (மூன்று வரி), அவர்களுடைய எந்த வெளியீட்டைப் படித்தீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள், எது சரிவரவில்லை (நான்கு வரி), ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் எழுத முடியவேண்டும். ‘எங்களோடு இணைந்து செயல்பட முடியுமா?’ என்பதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல யாராலும் முடியாது. ‘பெற்றோர் இல்லாமல் பாட்டிமாரோடு இந்த அட்டைகளைப் பயன்படுத்திய வேறு குழு யாராவது உண்டா?’ என்பதற்கு முடியும்.

‘எது சரிவரவில்லை’ என்ற பகுதியை எழுதத் தயங்குவார்கள். நம் குறை வெளியே தெரியக் கூடாது என்ற எண்ணம். ஆனால் மற்ற கடிதங்களிலிருந்து உங்கள் கடிதத்தைப் பிரித்துக் காட்டுவது அந்தப் பகுதிதான். செய்து பார்த்தவருக்குத்தான் சரிவராதது தெரியும்.

இணைப்பு ஒன்றே ஒன்று, ஒரு பக்க பிடிஎஃப், 2 எம்பிக்குள். பிள்ளைகள் படம் வேண்டாம். பொது முகவரிக்கு அனுப்புவதைவிட, அந்த வெளியீட்டின் பின்பக்கத்தில் தொடர்புக்கென்று கொடுத்திருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். ஒருவருக்கு அனுப்பும் கடிதத்தில் இன்னொருவர் பெயரை மாற்ற மறந்து அனுப்புவது நாற்பது பேருக்கு அனுப்புகிறவர்களுக்கு நடக்கும். மாதம் இரண்டு கடிதம் போதும். மூன்று வாரம் பதிலில்லை என்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதிலில்லை என்றால் அடுத்த அமைப்புக்குப் போங்கள், மனத்தாங்கல் வேண்டாம்.

பேச நேரம் குறிக்கும்போது அவர்கள் நேரத்தையும் நம் நேரத்தையும் இரண்டையும் எழுதுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஜெனீவா குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. நியூயார்க் பத்தரை, கோடையில் ஒன்பதரை. மார்ச், அக்டோபர், நவம்பரில் அங்கே கடிகாரத்தை மாற்றும் வாரங்களில்தான் பேச்சு தவறிப்போகும்.

எந்தத் தேதியில் யாருக்கு என்ன கேட்டு எழுதினீர்கள், என்ன பதில், அடுத்து என்ன என்று ஐந்து பத்தி போட்டு ஒரு பேரேடு வையுங்கள். குழுவில் ஆள் மாறினாலும் தொடர்பு அறாது.

பணம் வரும் வழி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கடல் கடந்த உறவு இல்லாத குடும்பம் செட்டிநாட்டில் குறைவு என்பதால், தெரியாமல் சட்டத்தை மீறுவதும் இங்கே எளிது.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் வந்தது, 2020இல் இறுகியது. இந்தச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு சங்கமோ அறக்கட்டளையோ வெளிநாட்டு மூலத்திலிருந்து ஒரு ரூபாய்கூட நன்கொடை வாங்க முடியாது. பதிவுக்கு விண்ணப்பிக்க, அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் நோக்கப் பணிகளுக்காகக் குறைந்தது ரூ.15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். தொண்டு அமைப்புகளுக்கான அரசுத் தளமான தர்பணில் பதிவு வேண்டும். பொறுப்பாளர்களின் ஆதாரோ இந்தியக் கடவுச்சீட்டோ வேண்டும். பணம் முதலில் வந்து சேரும் கணக்கு புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். அங்கிருந்து காரைக்குடியில் நீங்கள் வைத்திருக்கும் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. பதிவு ஐந்து வருடத்துக்கு. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எஃப்.சி–4 படிவக் கணக்கை டிசம்பர் 31க்குள் போடவேண்டும். அந்த வருடம் ஒன்றும் வராவிட்டாலும் போடவேண்டும். ‘பணமே வரவில்லையே, எதற்குக் கணக்கு’ என்று விட்டவர்கள்தான் பதிவைப் புதுப்பிக்கும்போது திண்டாடுகிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் உள்துறை அமைச்சகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனி உறவினர் விஷயம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் கடவுச்சீட்டு நகலை வாங்கி ரசீதோடு கோத்து வையுங்கள். அதே அண்ணன் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், அல்லது மூன்று தலைமுறையாக மலேசியாவில் இருக்கும் பங்காளி மலேசியக் குடிமகன் என்றால், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். ஊரில் சொந்த வீடு, கோயிலில் புள்ளி (குடும்பப் பதிவு), சாந்திக்கு (அறுபதாம் கல்யாணம்) வந்து போகும் உறவு எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. தரகர்கள் சொல்லும் ‘உறவினருக்கு அனுப்புவது போல அறங்காவலர் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள்’ என்ற யோசனையைக் கேட்காதீர்கள்.

நாணயம் எது என்பதும் பொருட்டல்ல. பெரிய வீடுகளைப் பார்க்க வந்த பிரெஞ்சுப் பயணி உங்கள் கூடத்தில் மனம் நெகிழ்ந்து இரண்டாயிரம் ரூபாயை ரொக்கமாக நீட்டினாலும் அது வெளிநாட்டு நன்கொடையே. பெட்டி நிறைய பொம்மை அனுப்பினாலும் அப்படியே, பொருளும் நன்கொடைதான். ஆனால் உங்கள் தாய்மார் குழு முடைந்த ஓலைக் கொட்டானை அவர் விலை கொடுத்து வாங்கினால் அது வியாபாரம், நன்கொடை அல்ல. நன்றி சொல்லி, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, கொட்டானைக் காட்டுங்கள்.

மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு இரண்டு வழி. குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடம் குறிப்பிட்ட ஒரு தொகைக்கு உறுதிக் கடிதம் வாங்கி, அதற்கு மட்டும் முன்அனுமதி கேட்கலாம். அல்லது, பதிவுள்ள இந்திய அமைப்பு ஒன்று தன் திட்டத்தைத் தன் கணக்கிலேயே உங்கள் கூடத்தில் நடத்தலாம். பணம் உங்களிடம் வராது, பயிற்சியாளர் வருவார். இரண்டாவது வழியைத்தான் புதியவர்களுக்குச் சொல்வோம்.

இந்த மூன்று வருடத்தில் செய்யவேண்டியது கணக்கு. ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) என்ற சொல்லை வட்டிக்கடைப் பெட்டியடியிலிருந்து கடல் கடந்து கொண்டுபோன ஊர் இது. அந்த ஒழுங்கை அறக்கட்டளைக்கும் கொண்டுவாருங்கள். தனி வங்கிக் கணக்கு, எண்ணிட்ட ரசீது, அரிசி பருப்பாக வந்ததற்கும் அன்றைய விலை போட்டு வரவு, வருடா வருடம் தணிக்கை. ஊர்ப் பொதுப்பணமும் கோயில் மகமையும் பிள்ளைகள் கணக்கும் ஒரே நோட்டில் கலந்து கிடப்பதுதான் நம் பக்கத்துச் சிறு அறக்கட்டளைகளில் காணும் பெருங்குறை. எவரும் திருடியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த நோட்டை எந்த வெளிநாட்டுத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார்.

பார்க்க வருகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள்

எந்த அமைப்போடு ஒப்பந்தம் போட்டாலும் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கும் நாற்பது பக்கக் கொள்கையைப் பெயர் மாற்றி வைக்காதீர்கள். இரண்டு பக்கம், தமிழில், சமையல் செய்யும் அக்காவுக்கும் புரியும்படி எழுதுங்கள். வெளியாள் எவரும் பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது. பெற்றோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் படம் கூடாது. ஒப்புதல் இருந்தாலும் பெயரும் ஊரும் சேர்த்துப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது என்பதற்கு உள்ளே ஒரு பெயர், வெளியே குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது குற்றம்.

சுற்றுலா வழிகாட்டிகள் பயணிகளை அழைத்துவந்து ‘ஐந்து நிமிடம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறோம்’ என்பார்கள். விடுதிகளோடு முன்கூட்டியே பேசி, பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் பார்வையாளர் இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள். மழலைகள் காட்சிப்பொருள் அல்ல.

நம்மிடம் கொடுக்க என்ன இருக்கிறது

எப்போதும் கேட்கிற கையாகவே இருந்தால் தொடர்பு நீடிக்காது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மாதாமாதம் எடை பார்த்து எடை ஏறாத பிள்ளைக்குக் குறிப்பாக ஊட்டம் கொடுக்கும் முறையைச் செய்து காட்டியது. அதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் இன்றும் படிக்கிறார்கள். உலகத்துக்குப் பாடம் சொன்ன மாநிலத்திலிருந்துதான் எழுதுகிறீர்கள்.

மரச் சொப்பு, நடைவண்டி, கொட்டான் எல்லாம் விளையாட்டு நூலகம் (பொம்மைகளை இரவல் தரும் இடம்) நடத்துகிறவர்கள் ஆசையாகக் கேட்கும் பொருட்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கென்றால் ஒரு சோதனை செய்யுங்கள்: 3.17 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக இறங்கும் சொப்பு தொண்டையில் சிக்கும், அதை எடுத்துவிடுங்கள். சாயம் பூசாத மரமே நல்லது.

இவற்றைவிடப் பெரிய கொடை தாலாட்டு. உறவுமுறை சொல்லி, மாமன் சீர் சொல்லி, கடல் தாண்டிப் போன அப்பச்சியை (அப்பா) சொல்லிப் பாடும் ஆயாமார் இன்னும் இருக்கிறார்கள். பதிவு செய்ய வளவு (வீட்டு நடுமுற்றம்) வேண்டாம், எதிரொலிக்கும். பாயும் துணியும் நிறைந்த உள்ளறையில், மின்விசிறியை நிறுத்தி, போனை ஒரு முழம் தள்ளி வைத்துப் பதியுங்கள். மடியில் உண்மையிலேயே ஒரு பிள்ளை இருக்கட்டும். இல்லாவிட்டால் பாட்டு வேகமாகப் போய்விடும். பாடினவரிடம் ஒப்புதலை அந்தப் பதிவிலேயே அவர் குரலில் வாங்குங்கள்: யாருக்குப் போகிறது, தன் பெயர் இருக்கலாமா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும். பாட்டைத் தமிழில் முழுதாக எழுதி, கீழே ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலத்தில் பொருள் எழுதி, ‘அயித்தை’, ‘அம்மான்’ போன்ற முறைச் சொற்களை மாற்றாமல் விட்டு, அவை யாரைக் குறிக்கும் என்று தனியே விளக்குங்கள். இந்த ஒரு கோப்பை அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள்.